மெனியர் நோய்: உட்செவிக் கோளாறினால் வரும் தலைச்சுற்றலை அறிதலும் சமாளித்தலும்

மெனியர் நோய் உட்செவியைப் பாதிக்கும் நாட்பட்ட கோளாறு ஆகும். முன்னறிவிப்பின்றி வரும் கடுமையான தலைச்சுற்றல், ஒரு காதில் கூடியும் குறைந்தும் காணப்படும் கேள்திறன் இழப்பு, காது இரைச்சல், காது அடைத்துக்கொண்டது போன்ற உணர்வு ஆகிய நான்கும் இதன் முதன்மை அறிகுறிகள். பெரும்பாலும் 40 முதல் 60 வயதுக்குள் தொடங்குகிறது. ஆண், பெண் இருபாலரையும் பாதிக்கும். இது தொற்றுநோய் அன்று. நேரடியாக உயிருக்கு ஆபத்து விளைவிப்பதும் அன்று.

நோயாளிகளும் அவர்களைப் பராமரிப்போரும் தொடக்கத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டிய உண்மைகள் இரண்டு உண்டு. தலைச்சுற்றலைப் பெரும்பாலானோருக்குக் கட்டுக்குள் கொண்டுவர முடியும். ஆனால் கேள்திறன் இழப்பை உறுதியாகத் தடுத்து நிறுத்தும் என்று மெய்ப்பிக்கப்பட்ட மருந்து இன்றுவரை இல்லை. இவ்விரண்டையும் அறிந்தவர் பொய்யான விளம்பரங்களில் பணத்தை இழக்கமாட்டார். ‘இனி ஒன்றும் செய்வதற்கில்லை’ என்று சிகிச்சையைக் கைவிடவும் மாட்டார்.

மயக்கமா, தலைச்சுற்றலா?

‘மயக்கமாக இருக்கிறது’ என்று கூறிக்கொண்டு புறநோயாளிகள் பிரிவுக்கு வரும் நால்வரை விசாரித்தால் நான்கு வெவ்வேறு நோய்கள் வெளிப்படும். ஒருவருக்குப் படுக்கையிலிருந்து எழும்போது கண் இருட்டிக்கொண்டு வரும். இது பெரும்பாலும் இரத்த அழுத்தம் அல்லது இரத்தசோகை தொடர்பானது. மற்றொருவர் சில விநாடிகள் நினைவு தப்பி விழுந்திருப்பார். அவருக்கு இதயத்தையும் மூளையையும் ஆராய வேண்டும். மூன்றாமவர் உட்கார்ந்திருக்கும்போது நன்றாக இருந்து, நடக்கும்போது மட்டும் தள்ளாடுவார். நான்காமவருக்கோ தாம் அசையாமல் இருக்கும்போதே அறை, கட்டில், மேற்கூரை அனைத்தும் இராட்டினம்போல் சுழலும். இந்த நான்காவது வகையையே மருத்துவத்தில் ‘வெர்டிகோ’ என்கிறோம். மெனியர் நோயில் வருவது இதுதான்.

எனவே மருத்துவரிடம் கூறும்போது ‘மயக்கம்’ என்ற ஒரே சொல்லோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். சுற்றியது அறையா, அல்லது கண் மட்டும் இருட்டியதா? நினைவு இருந்ததா? எவ்வளவு நேரம் நீடித்தது? அப்போது காதில் ஏதேனும் மாற்றம் தெரிந்ததா? இந்த நான்கு கேள்விகளுக்கான விடைகள் பல ஆயிரம் ரூபாய் செலவிலான பரிசோதனைகளைவிட அதிகம் உணர்த்தும்.

பித்தம், ‘லோ பிரஷர்’, கழுத்து எலும்புத் தேய்மானம் என்று மூன்று காரணங்கள் நம்மிடையே தயாராக இருக்கின்றன. நாற்பது வயதைக் கடந்தோரில் பலரது கழுத்து எக்ஸ்ரேயில் தேய்மானம் தென்படுவது இயல்பு. காதில் இரைச்சலும் கேள்திறன் குறைவும் சேர்ந்து வரும் சுழற்சிக்கு அது விளக்கம் ஆகாது. கழுத்துப் பட்டையை மாதக்கணக்கில் அணிந்துகொண்டு, ஒரு முறைகூடச் செவித்திறன் பரிசோதனை செய்யாமல் இருந்த நோயாளிகளைக் காதுப் பிரிவுகளில் இன்றும் காண முடிகிறது.

உட்செவியில் நடப்பது என்ன?

உட்செவி கேட்பதற்கு மட்டுமான உறுப்பு அன்று. அதன் ஒரு பகுதி நத்தை ஓடுபோல் சுருண்ட காக்ளியா. ஒலியை நரம்புத் தூண்டலாக மாற்றுவது அதன் பணி. மற்றொரு பகுதியில் மூன்று அரைவட்டக் குழல்களும் இரு சிறு பைகளும் உள்ளன. தலை எந்தத் திசையில் எவ்வளவு விரைவாக அசைகிறது என்பதை இவை மூளைக்கு அறிவிக்கின்றன. இவை அனைத்தின் உள்ளேயும் எண்டோலிம்ப் எனப்படும் திரவம் நிரம்பியிருக்கிறது. பொட்டாசியம் மிகுந்த இத்திரவம் ஒருபுறம் சுரந்துகொண்டும் மறுபுறம் உறிஞ்சப்பட்டுக்கொண்டும் சமநிலையில் இருக்க வேண்டும்.

மெனியர் நோயில் இத்திரவம் மிகுந்து, அதைத் தாங்கிநிற்கும் மெல்லிய சவ்வுகள் புடைத்துக்கொள்கின்றன. கேட்கும் பகுதியும் சமநிலைப் பகுதியும் ஒரே திரவத்தைப் பகிர்ந்துகொள்வதால்தான் சுற்றலும் காது தொடர்பான தொல்லைகளும் சேர்ந்து வருகின்றன. பாதிக்கப்பட்ட காது ‘தலை சுழல்கிறது’ என்றும், நலமாக உள்ள காது ‘தலை அசையவில்லை’ என்றும் ஒரே நேரத்தில் செய்தி அனுப்பும்போது மூளை தடுமாறுகிறது. கண்கள் தாமாகவே பக்கவாட்டில் துடிக்கின்றன. குமட்டலும் வாந்தியும் வியர்வையும் பின்தொடர்கின்றன.

திரவம் ஏன் மிகுகிறது என்பதற்கு ஒரே விடை இல்லை. குடும்ப வழி, நோயெதிர்ப்பு மண்டலக் கோளாறு, ஒற்றைத் தலைவலியோடு உள்ள தொடர்பு, முன்பு ஏற்பட்ட காயம் அல்லது தொற்று எனப் பல காரணிகள் கருதப்படுகின்றன. நோயாளி செய்த ஏதோ ஒரு தவற்றினால் வந்தது என்று எண்ணுவதற்கு இடமில்லை.

1861ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில், செவித்திறன் அற்றோருக்கான நிறுவனத்தில் மருத்துவராக இருந்த புரோஸ்பர் மெனியர், இத்தகைய சுற்றலுக்கு மூலம் மூளை அன்று, உட்செவியே என்று முதன்முதலாக எடுத்துரைத்தார். அதுவரை இதனை மூளையில் இரத்தம் தேங்குவதாகக் கருதி, நோயாளியின் உடலிலிருந்து இரத்தத்தை வெளியேற்றி வந்தனர். மறு ஆண்டே அவர் மறைந்தார். உட்செவித் திரவம் மிகுந்திருப்பது 1938இல்தான், இறந்தோரின் செவியெலும்புகளை நுண்ணோக்கியால் ஆராய்ந்தபோது, இலண்டனிலும் ஜப்பானிலும் தனித்தனியே கண்டறியப்பட்டது.

சுற்றல் எவ்வாறு வருகிறது?

பலருக்கு முதலில் காது அடைக்கும். விமானத்தில் ஏறும்போதோ மலைப்பாதையில் செல்லும்போதோ அடைப்பது போன்ற உணர்வு. பின்னர் இரைச்சல் உயரும். அது கடலோசைபோலவோ, மின்மாற்றியின் அருகே நிற்பதுபோலவோ தாழ்ந்த ஒலியாக இருக்கும். தொலைபேசியை அந்தக் காதில் வைத்தால் பேச்சு தெளிவற்றுக் கேட்கும். ஒரே இசைச் சுரம் இரு காதுகளிலும் வெவ்வேறு சுருதியாக ஒலிப்பதாகக் கூறுவோரும் உண்டு. அதையடுத்துச் சுழற்சி தொடங்கும். எல்லோருக்கும் இந்த முன்னறிகுறிகள் வருவதில்லை.

சுழற்சி குறைந்தது 20 நிமிடங்கள் நீடிக்கும். பெரும்பாலும் 12 மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். அடங்கிய பின்னரும் ஓரிரு நாள்கள் களைப்பும் நடையில் தடுமாற்றமும் இருக்கலாம். அதன்பின் வாரங்களோ மாதங்களோ, சிலருக்கு ஓராண்டுக்கும் மேலாகவோ எதுவும் நேராமல் இருக்கும். இந்த நீண்ட இடைவெளியே நோயாளியை ஏமாற்றுகிறது. கடைசியாக உண்ட மருந்தாலோ, கட்டிய கயிற்றாலோ குணமாகிவிட்டது என்று நம்பச் செய்கிறது.

தொடக்க ஆண்டுகளில் சுற்றல் அடங்கியதும் கேள்திறன் திரும்பிவிடும். காலப்போக்கில் முழுமையாகத் திரும்புவதில்லை. மாறாக, சுற்றல் பல ஆண்டுகளுக்குப் பிறகு தானாகவே குறைந்துகொண்டு வருவது வழக்கம். சிலருக்குச் சில ஆண்டுகள் கழித்து மறு காதிலும் நோய் தோன்றக்கூடும். ஆகவே நலமாக உள்ள காதைப் பேணுவதும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

மிகச் சிலருக்கு நோயின் பிற்பகுதியில், சுழற்சியே இல்லாமல் யாரோ பின்னாலிருந்து தள்ளியதுபோல் திடீரெனத் தரையில் விழும் நிலை ஏற்படும். நினைவு தப்பாது, உடனே எழுந்துகொள்வர். ஆயினும் எலும்பு முறிவுக்கு இது வழிவகுக்கும். ஒரு முறை நிகழ்ந்தாலும் மருத்துவரிடம் மறைக்காமல் தெரிவிக்க வேண்டும்.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நிலைகள்

தலைச்சுற்றல் அனைத்தும் காதிலிருந்து வருவன அல்ல. சிறுமூளைக்கோ மூளைத்தண்டுக்கோ செல்லும் இரத்தம் தடைப்பட்டாலும் இதே போன்ற சுற்றல் வரும். சுற்றலோடு பேச்சுக் குழறல், இரட்டையாகத் தெரிதல், முகம் கோணுதல், கை கால் பலவீனம் அல்லது மரத்துப்போதல், விழுங்க இயலாமை, இதுவரை கண்டிராத கடும் தலைவலி, பிடித்துக்கொண்டும் நிற்க முடியாத நிலை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் காலம் தாழ்த்தாமல் 108 அவசர ஊர்தியை அழைக்க வேண்டும். நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், புகைப்பழக்கம் உள்ளோருக்கு இந்த எச்சரிக்கை இன்னும் கூடுதலாகப் பொருந்தும். ‘எனக்கு ஏற்கெனவே மெனியர் இருக்கிறது, இதுவும் அதுதான்’ என்று வீட்டில் காத்திருப்பது ஆபத்தானது.

ஒரு காது திடீரெனக் கேட்காமல் போனால், சுற்றல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அது அவசர நிலையே. திடீர்ச் செவித்திறன் இழப்புக்கு முதல் சில நாள்களில் தொடங்கப்படும் ஸ்டீராய்டு சிகிச்சை பயன் தரக்கூடும். வாரங்கள் கடந்தால் அந்த வாய்ப்பு குறைந்துவிடும். குறும்பி அடைத்திருக்கும் என்று கருதிச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டே பத்து நாள்களைக் கழிப்பவர்கள் இழப்பது பெரிது. காய்ச்சிய எண்ணெயைக் காதில் ஊற்றுவதால் உட்செவிக்கு எவ்விதப் பயனும் இல்லை. செவிப்பறையில் துளை இருந்தால் தீங்கே விளையும்.

நோயை உறுதிசெய்வது எப்படி?

மெனியர் நோயைக் காட்டிக்கொடுக்கும் இரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. 2015இல் பன்னாட்டு வல்லுநர்கள் வகுத்த வரையறையின்படி, 20 நிமிடங்கள் முதல் 12 மணி நேரம் வரை நீடித்த சுழற்சி குறைந்தது இருமுறை வந்திருக்க வேண்டும். ஒரு காதில் தாழ் அல்லது நடுத்தர அதிர்வெண் ஒலிகளுக்கான கேள்திறன் குறைந்திருப்பது பரிசோதனையில் பதிவாகியிருக்க வேண்டும். அதே காதில் இரைச்சல், அடைப்பு, கேள்திறன் ஆகியன ஏறி இறங்க வேண்டும். வேறு நோய் இதற்குக் காரணமாக இருத்தல் கூடாது.

இதில் செவித்திறன் பரிசோதனைக்குத் தனி இடம் உண்டு. விசைத்தறிக் கூடத்தில் இருபது ஆண்டுகள் பணிபுரிந்த ஒருவருக்குக் காது மந்தமானால், இரைச்சல் மிகுந்த வேலையே காரணம் என்று வீட்டாரும் அவரும் முடிவுசெய்துவிடுவர். ஆனால் தறி இரைச்சல் பொதுவாக இரு காதுகளையும், அதிலும் உயர் அதிர்வெண் ஒலிகளையே முதலில் பாதிக்கும். மெனியர் நோயின் தொடக்கத்திலோ ஒரு காதில், தாழ் அதிர்வெண் ஒலிகள் குறைகின்றன. ஆடியோகிராம் எனப்படும் வரைபடத்தில் இந்த வேறுபாடு ஒரே பார்வையில் தெரிந்துவிடும். சுற்றல் வந்த அன்றோ அதையடுத்த ஓரிரு நாள்களிலோ இப்பரிசோதனையைச் செய்தால் மாற்றம் பதிவாகும் வாய்ப்பு அதிகம். பழைய ஆடியோகிராம்களைத் தூக்கி எறியாமல் கோப்பில் வைத்திருங்கள். அடுத்தடுத்த வரைபடங்களை ஒப்பிட்டே நோயின் போக்கை அறிகிறோம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுகளில் இப்பரிசோதனை செய்யப்படுகிறது.

செவி நரம்பில் தோன்றும் சாதாரணக் கட்டி ஒன்றும் இதே அறிகுறிகளைக் காட்டக்கூடும் என்பதால், ஒரு காது மட்டும் மந்தமானவர்களுக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் பரிந்துரைக்கப்படுகிறது. ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்ற முடிவு வந்தால் அது நல்ல செய்தி. ‘நோயே இல்லை’ என்று அதற்குப் பொருள் இல்லை. தைராய்டு, இரத்தச் சர்க்கரை, சிபிலிஸ் ஆகியவற்றுக்கான சோதனைகளும் தேவைக்கேற்பச் செய்யப்படும்.

மெனியரோடு அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படும் மூன்று நோய்களைச் சுருக்கமாகக் குறிப்பிடலாம். படுக்கையில் புரளும்போதோ அண்ணாந்து பார்க்கும்போதோ ஒரு நிமிடத்துக்கும் குறைவாகச் சுற்றினால் அது உட்செவியின் நுண்துகள்கள் இடம்பெயர்வதால் வருவது. தலையைக் குறிப்பிட்ட முறையில் திருப்பும் பயிற்சியால் மருத்துவர் அதைச் சில நிமிடங்களில் சரிசெய்ய முடியும், மாத்திரையே தேவைப்படாது. நாள்கணக்கில் ஓயாமல் சுற்றி, கேள்திறன் பாதிக்கப்படாமல் இருந்தால் சமநிலை நரம்பின் அழற்சியாக இருக்கலாம். ஒற்றைத் தலைவலி உள்ளோருக்கு, தலைவலியே இல்லாத வேளையிலும் சுற்றல் வருவதுண்டு. ஒரே நபருக்கு இவற்றுள் இரண்டு சேர்ந்தும் இருக்கலாம்.

சுற்றல் வரும்போது செய்ய வேண்டுவன

எங்கிருந்தாலும் உடனே உட்கார்ந்துவிட வேண்டும். இயன்றால் படுத்துக்கொள்ள வேண்டும். வீட்டை அடைந்துவிடலாம் என்று நடப்பதும், ‘பிடித்துக்கொண்டு போகிறேன்’ என்று மாடிப்படி இறங்குவதும் கூடாது. தலையை அசைக்காமல், அசையாத பொருள் ஒன்றின்மீது பார்வையை நிறுத்துங்கள். கண்ணை மூடினால் இதமாக இருப்பதாக உணர்ந்தால் மூடிக்கொள்ளலாம். மருத்துவர் ஏற்கெனவே எழுதிக்கொடுத்த குமட்டல் மருந்து கைவசம் இருந்தால் தொடக்கத்திலேயே உட்கொள்வது நல்லது. வாந்தி மிகுந்த பிறகு மாத்திரை வயிற்றில் தங்காது.

உடனிருப்போர் நோயாளியைத் தூக்கி நிறுத்தவோ நடக்கவைக்கவோ முயல வேண்டாம். முகத்தில் நீர் தெளிப்பதும், கைகளில் இரும்பைத் திணிப்பதும், உப்புப் போட்ட எலுமிச்சைச் சாற்றை வற்புறுத்திப் புகட்டுவதும் பயனற்றவை. வாந்தி எடுக்கும்போது ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். அருகில் ஒரு வாளி, மங்கலான விளக்கு, நிறுத்தப்பட்ட தொலைக்காட்சி, குறைந்த பேச்சு ஆகிய இவையே அப்போதைய தேவை. தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நோயாளி இசைந்தால், கண்களின் அசைவை அலைபேசியில் அரை நிமிடம் படம்பிடித்து வையுங்கள். நாங்கள் நோயாளியைப் பார்க்கும் நாளில் கண்கள் அமைதியாக இருப்பதே வழக்கம். அந்த அரை நிமிடப் பதிவு பல முறை நோயை அடையாளம் காட்டியிருக்கிறது.

வாந்தி நிற்காமல் உடல் வறண்டால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே நரம்பு வழித் திரவமும் குமட்டல் ஊசியும் பெறலாம். ஆனால் ஒவ்வொரு முறை தலை சுற்றும்போதும் ‘ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டால் சரியாகிவிடும்’ என்பது தவறான நம்பிக்கை. ஏற்றும் நேரத்தில் சுற்றல் தானாக அடங்குகிறது. புகழ் பாட்டிலுக்குச் சேர்கிறது.

உணவில் உப்பு

உப்பைக் குறைத்தால் சுற்றல் குறையும் என்பதற்கான ஆய்வுச் சான்று வலுவானது அன்று. எனினும் பல நோயாளிகளுக்குப் பயன் தெரிகிறது. இரத்த அழுத்தத்துக்கும் நல்லது. செலவோ பக்கவிளைவோ இல்லை. எனவே முதலில் முயல வேண்டியது இதுவே. நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்கு மேற்படாமல் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் அனைவருக்கும் வகுத்துள்ள அளவு. மட்டமாக அளந்த ஒரு தேக்கரண்டி, ஏறத்தாழ அந்த அளவு.

தேக்கரண்டிக் கணக்கு நம் சமையலறையில் எடுபடுவதில்லை, கைப்பதமாகவே போடுகிறோம். மாறாக ஒரு கணக்கு சொல்கிறேன். நால்வர் உள்ள வீட்டில் ஒரு கிலோ உப்புப் பொட்டலம் ஒரு மாதத்தில் தீர்ந்தால், ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 8 கிராம். இதற்கு மேல் ஊறுகாய், அப்பளம், வற்றல், மோர்மிளகாய், கருவாடு, மிக்சர், பிஸ்கட், உணவகச் சாம்பார் ஆகியவற்றில் உள்ளது தனி. அப்பளத்திலும் பஜ்ஜி மாவிலும் சேரும் சோடா உப்பிலும் சோடியம் உண்டு. நாவுக்கு உப்புக் கரிப்பதில்லை என்பதால் நாம் அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

இந்துப்பு நல்லது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அதுவும் சோடியம் குளோரைடே. ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்கப்படுவதில் பொட்டாசியம் கலந்திருப்பதால், சிறுநீரக நோய் உள்ளோரும் சில வகை இரத்த அழுத்த மாத்திரைகள் உட்கொள்வோரும் மருத்துவரைக் கேட்காமல் பயன்படுத்தக் கூடாது.

நாள்தோறும் உட்கொள்ளும் அளவு சீராக இருப்பதும் முக்கியம். பகல் முழுவதும் விரதம் இருந்துவிட்டு இரவில் உப்பும் புளியும் மிகுந்த உணவை ஒரே வேளையில் உண்பதைத் தவிர்க்கவும். தண்ணீரைக் குறைக்க வேண்டியதில்லை. காப்பியும் தேநீரும் சிலருக்குச் சுற்றலைத் தூண்டுகின்றன; இரண்டு வாரம் நிறுத்திப் பார்த்து, வேறுபாடு தெரியாவிட்டால் அளவோடு தொடரலாம். மதுவையும் புகையிலையையும் பொறுத்தவரை இத்தகைய சலுகை இல்லை. தூக்கக் குறைவும் மனவுளைச்சலும் பலருக்குத் தூண்டுகோலாக அமைகின்றன. எது தமக்குத் தூண்டுகோல் என்பதை, சுற்றல் வந்த நாள், நேரம், நீடித்த அளவு, காதின் நிலை, முந்தைய நாளின் உணவு, உறக்கம் ஆகியவற்றை ஒரு நாட்குறிப்பில் எழுதிவருவதால் கண்டுகொள்ளலாம்.

மருந்துகளும் பிற சிகிச்சைகளும்

சுற்றல் வரும் வேளையில் அதை அடக்கத் தரப்படும் மருந்துகள் வேறு. மீண்டும் வராமல் தடுக்கத் தரப்படுபவை வேறு. இந்த வேறுபாடு தெரியாமையால் விளையும் தீங்கு அதிகம்.

புரோகுளோர்பெரசின், சின்னாரிசின் போன்றவை முதல் வகை. இவற்றை ஓரிரு நாள்களுக்கே உட்கொள்ள வேண்டும். பழைய மருந்துச் சீட்டைக் கடையில் காட்டி மாதக்கணக்கில் வாங்கி உண்போருக்கு, குறிப்பாக முதியோருக்கு, கைநடுக்கம், நடை மந்தம், உடல் இறுக்கம் ஆகியவை தோன்றி நடுக்குவாதம்போல் காட்சியளிக்கும். மேலும் இம்மருந்துகள், பாதிக்கப்பட்ட காதின் குறையை ஈடுசெய்யக் கற்றுக்கொள்ளும் மூளையின் இயல்பான முயற்சியையும் மந்தப்படுத்துகின்றன.

பீட்டாஹிஸ்டின் இரண்டாம் வகை. நம் நாட்டில் மிகுதியாக எழுதப்படுவதும் இதுவே. ஜெர்மனியில் நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஆய்வில், ஒன்பது மாதங்கள் இதை உட்கொண்டோருக்கும் மருந்தற்ற போலி மாத்திரை உட்கொண்டோருக்கும் சுற்றலின் எண்ணிக்கையில் வேறுபாடு காணப்படவில்லை. இரு தரப்பினருக்குமே சுற்றல் குறைந்திருந்தது. பக்கவிளைவு குறைவு என்பதால் சில மாதங்கள் கொடுத்துப் பார்ப்பது இன்றும் நடைமுறையில் உள்ளது. பயன் தெரியாவிட்டால் ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டியதில்லை என்பதே என் கருத்து. ஆஸ்துமாவோ வயிற்றுப்புண்ணோ உள்ளோர் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே கூற வேண்டும். சிறுநீரைப் பெருக்கும் மாத்திரைகள் தரப்பட்டால், அவ்வப்போது இரத்தத்தில் சோடியம், பொட்டாசியம் அளவுகளைச் சோதிப்பது அவசியம்.

இவற்றால் அடங்காவிட்டால், செவிப்பறை வழியாக நடுச்செவிக்குள் ஸ்டீராய்டு ஊசி செலுத்தப்படுகிறது; இதனால் கேள்திறனுக்குப் பெரும்பாலும் தீங்கில்லை. அடுத்த படி, அதே வழியில் ஜென்டாமைசின். இது சமநிலை உறுப்பின் செல்களைத் திட்டமிட்டுச் செயலிழக்கச் செய்கிறது. தவறான செய்தி அனுப்பும் காதைப் பேசவிடாமல் செய்வதற்கு ஒப்பானது எனலாம். சுற்றலை அடக்குவதில் பெரும்பாலோருக்கு நன்கு பயன்படுகிறது. ஆனால் ஒரு பகுதியினருக்குக் கேள்திறன் மேலும் குறையக்கூடும். சில வாரங்களுக்கு நடையில் தடுமாற்றமும் இருக்கும். மறு காது ஏற்கெனவே பழுதுபட்டிருந்தால் இச்சிகிச்சையை எளிதில் தேர்ந்தெடுக்கக் கூடாது. ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிடும் முன், ‘எந்தக் காது, எத்தனை ஊசி, கேள்திறன் போனால் அடுத்து என்ன’ என்று கேட்டு அறிந்துகொள்வது நோயாளியின் உரிமை. இதற்கும் கட்டுப்படாத சிலருக்கு அறுவை சிகிச்சை முறைகளும் உள்ளன.

சுற்றல்களுக்கு இடையே நடையில் தடுமாற்றம் நிலைத்துவிட்டால் சமநிலைப் பயிற்சிகள் பெரிதும் உதவும். பார்வையை ஓரிடத்தில் நிறுத்தித் தலையை மெல்லத் திருப்புதல், கால்களைச் சேர்த்து நிற்றல், நேர்க்கோட்டில் நடத்தல் என்று படிப்படியாக இயன்முறை மருத்துவர் கற்பிப்பார். சுற்றல் நடந்துகொண்டிருக்கும் நேரத்தில் இவற்றைச் செய்யக் கூடாது.

கேள்திறனும் இரைச்சலும்

கேள்திறன் நாளுக்கு நாள் மாறுவதால், ஒரு நாள் பொருத்தமாக இருந்த செவிக்கருவி மறு வாரம் பொருந்தாது. ஒலியளவை மாற்றியமைக்கக்கூடிய மின்னணுக் கருவியே ஏற்றது. மெல்லிய ஒலி கேட்காத அதே காதுக்கு, பாத்திரம் விழும் ஒலி தாங்க முடியாத வேதனையாக இருக்கலாம். ஆகவே நோயாளியிடம் உரக்கக் கத்துவது பயன் தராது. நல்ல காதின் பக்கம் அமர்ந்து, முகம் பார்த்து, நிதானமாகப் பேச வேண்டும். இரவில் இரைச்சல் தூக்கத்தைக் கெடுத்தால், மின்விசிறி ஒலியோ மெல்லிய இசையோ அறையில் இருப்பது இதமளிக்கும். முழு நிசப்தம் இரைச்சலை மிகைப்படுத்தும்.

வேலையும் வாகனமும் வீடும்

சுற்றல் அடிக்கடி வரும் காலத்தில் இருசக்கர வாகனம் உட்பட எந்த வாகனத்தையும் ஓட்டக் கூடாது. ஓட்டுநர் உரிமத்துக்கான படிவம் 1, எக்காரணத்தாலேனும் திடீர்த் தலைச்சுற்றல் வருவதுண்டா என்று கேட்கிறது. அதற்கு உண்மையான விடையையே எழுத வேண்டும். மரம் ஏறுதல், கிணற்றில் இறங்குதல், சாரத்தில் நின்று பணிபுரிதல், பாதுகாப்பற்ற இயந்திரங்களை இயக்குதல் ஆகியவற்றைத் தவிர்க்கவும். ஆற்றிலோ குளத்திலோ தனியே நீந்துவதும் முங்கிக் குளிப்பதும் ஆபத்து. நீருக்கடியில் சுற்றல் வந்தால் மேலே எது, கீழே எது என்பது புலப்படாது. வீட்டில் குளியலறைக் கைப்பிடியும், இரவில் எரியும் சிறு விளக்கும், உள்ளே தாழிடாத கதவும் பெரிய செலவின்றிச் செய்யத்தக்கவை.

வேலையிழப்பு அச்சத்தால் பலர் நோயை மறைக்கின்றனர். குடித்துவிட்டு வந்ததாகவும், வேலை செய்ய மனமின்றி நடிப்பதாகவும் பழி சுமந்தோர் உண்டு. சுற்றல் அடங்கிய மறுநாள் அவர்கள் முழு நலத்தோடு காணப்படுவதே இதற்குக் காரணம். ஆடியோகிராமையும் சுற்றல் வந்த நாள்களின் குறிப்பையும் கொண்டு, உயரமான இடங்களிலும் இரவுப் பணியிலும் விலக்கு கோரும் மருத்துவச் சான்றிதழைச் சிகிச்சை அளிக்கும் மருத்துவரிடம் பெறலாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, செவித்திறன் குறைபாட்டை இரு காதுகளிலும் 60 டெசிபெல் அளவிலிருந்தே கணக்கில் கொள்கிறது. எனவே ஒரு காது மட்டும் பாதிக்கப்பட்டவர் அச்சான்றிதழுக்கு விண்ணப்பித்து அலைய வேண்டியதில்லை. இரு காதுகளும் பாதிக்கப்பட்டவர்கள் அண்மைய ஆடியோகிராமுடன் மருத்துவக் குழுவை அணுகலாம்.

நோய் கட்டுக்குள் இருந்தாலும், மருத்துவர் வேறு கால இடைவெளி கூறாத வரை, ஆண்டுக்கொரு முறை இரு காதுகளுக்கும் செவித்திறன் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். நல்ல காதில் அடைப்போ இரைச்சலோ புதிதாகத் தோன்றினால் அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திருக்க வேண்டாம்.